சான்றிதழ் இல்லாத கல்விக்கு அங்கீகாரம்: நமது குடும்பங்கள் அறிந்துகொள்ள வேண்டியவை

எந்த விண்ணப்பப் படிவத்தை எடுத்தாலும் அதில் 'கல்வித் தகுதி' என்று ஒரு கட்டம் இருக்கும். திண்டுக்கல் பேகம்பூர் பகுதியில் முப்பது ஆண்டுகள் தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர் அந்தக் கட்டத்தில் 'ஐந்தாம் வகுப்பு' என்று எழுதுகிறார். சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து தோலை எப்போது எடுக்க வேண்டும், பட்டைச் சாறு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று கையால் தொட்டே சொல்லிவிடும் அவருடைய அறிவை எழுத அந்தப் படிவத்தில் இடமில்லை. நத்தத்தில் சட்டை தைப்பவர், நாகல்நகரில் பூட்டு செய்பவர், சிறுமலைத் தோட்டத்தில் மிளகும் வாழையும் வளர்ப்பவர், ஆயிரம் பேருக்குக் கணக்குப் பிசகாமல் பிரியாணி ஆக்கும் பண்டாரி என எல்லோருடைய நிலையும் இதுதான்.

இவர்கள் படிக்காதவர்கள் இல்லை. பள்ளிக்கு வெளியே படித்தவர்கள். இப்படி வேலையிலும் வீட்டிலும் உஸ்தாதுகளிடமும் கற்றதைச் சோதித்துப் பார்த்து, அதற்கு முறையான மதிப்பு கொடுப்பதைத்தான் 'முன்கற்றலை அங்கீகரித்தல்' என்கிறார்கள். ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்துகளைக் கொண்டு 'ஆர்.பி.எல்' என்றும் சொல்வார்கள். நமது நாட்டின் தேசியக் கல்விக் கொள்கையில் இதற்கு இடமிருக்கிறது. ஆனால் இது எதைத் தரும், எதைத் தராது என்பது நமது குடும்பங்களில் பலருக்குத் தெளிவாகத் தெரியவில்லை. அதனால் கிடைக்க வேண்டியது கிடைக்காமல் போவதும் உண்டு, பணத்தைக் கொடுத்து ஏமாறுவதும் உண்டு. ஆகவே இந்த விஷயத்தை முடிந்தவரை எளிமையாகப் பார்ப்போம்.

நமக்குப் புதிதல்ல

கல்வியை, அது கிடைத்த இடத்தை வைத்து எடைபோடாமல் அதன் பயனை வைத்து எடைபோடுவது நமது மார்க்க வரலாற்றில் ஆரம்பம் முதலே இருக்கிறது. பத்ருப் போரில் கைதானவர்களில் பிணைத்தொகை கொடுக்க வசதியில்லாத, ஆனால் எழுதத் தெரிந்த சிலருக்கு நபி (ஸல்) அவர்கள் ஒரு வழியை ஏற்படுத்தினார்கள். அன்ஸாரிகளின் பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுப்பதே அவர்களின் பிணைத்தொகையாக ஏற்கப்பட்டது. இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வழியாக முஸ்னத் அஹ்மதில் இச்செய்தி பதிவாகியுள்ளது. அந்தக் கைதிகள் யாரிடம் படித்தார்கள் என்பது அங்கே கேள்வியாகவில்லை. எழுதத் தெரிகிறதா, கற்றுக்கொடுக்க முடிகிறதா என்பதே பார்க்கப்பட்டது.

நமது மதரஸா மரபில் உள்ள இஜாஸா முறையும் இப்படிப்பட்டதே. ஒரு மாணவர் எத்தனை ஆண்டு வகுப்பில் இருந்தார் என்பதைவிட, உஸ்தாதின் முன் அமர்ந்து ஓதிக் காட்டினாரா, பாடத்தை விளங்கியிருக்கிறாரா என்பதை வைத்தே அனுமதி கொடுக்கப்பட்டது. கற்றதை, அறிந்தவர் முன்னிலையில் நிரூபித்துக் காட்டுவதே அங்கீகாரத்தின் உயிர்.

அன்றாட வாழ்வில் இதற்கு எல்லோரும் அறிந்த உதாரணம் ஓட்டுநர் உரிமம். கார் ஓட்ட நீங்கள் பயிற்சிப் பள்ளியில் கற்றீர்களா, மாமாவிடம் கற்றீர்களா என்பது முக்கியமில்லை. அதிகாரி முன் ஓட்டிக் காட்ட வேண்டும். வணிக வாகனம் ஓட்டுபவர் எட்டாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும் என்று முன்பு விதி இருந்தது. அதையும் மத்திய அரசு 2019ஆம் ஆண்டில் நீக்கிவிட்டது. ஓட்டும் திறன் நன்றாக இருந்தும் பள்ளிச் சான்றிதழ் இல்லாத காரணத்தால் வாய்ப்பை இழந்தவர்களுக்கு இதனால் வழி திறந்தது.

கொள்கை என்ன சொல்கிறது?

2020 ஜூலை 29 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த தேசியக் கல்விக் கொள்கையில் இரண்டு அத்தியாயங்கள் இதைப் பற்றிப் பேசுகின்றன.

ஒன்று, தொழிற்கல்வி பற்றிய 16ஆம் அத்தியாயம். இந்தியாவில் 19 முதல் 24 வயதுக்குட்பட்ட உழைப்பாளர்களில் முறையான தொழிற்கல்வி பெற்றவர்கள் 5 சதவீதத்துக்கும் குறைவு என்று அது ஒப்புக்கொள்கிறது. அமெரிக்காவில் 52, ஜெர்மனியில் 75, தென்கொரியாவில் 96 சதவீதம் என்றும் ஒப்பிட்டுக் காட்டுகிறது. அப்படியானால் நம் நாட்டில் பூட்டையும் தோலையும் துணியையும் கட்டடத்தையும் உருவாக்குகிறவர்கள் யார்? பெரும்பாலும் பார்த்தும் செய்தும் கற்றுக்கொண்டவர்கள். ஆகவேதான், தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பை அடிப்படையாகக் கொண்டு முன்கற்றலை அங்கீகரிக்க வேண்டும், பள்ளியிலிருந்து இடைநின்றவர்களின் அனுபவத்தைக் கட்டமைப்பின் பொருத்தமான படியில் வைத்து அவர்களை மீண்டும் கல்விக்குள் கொண்டுவர வேண்டும் என்று அந்த அத்தியாயம் கூறுகிறது.

மற்றொன்று, வயதுவந்தோர் கல்வி பற்றிய 21ஆம் அத்தியாயம். எழுத்தும் எண்ணும், வாழ்க்கைத் திறன்கள், தொழில் திறன், பள்ளிக்கு இணையான அடிப்படைக் கல்வி, தொடர் கல்வி என்று ஐந்து வகைகளை அது வரிசைப்படுத்துகிறது. பள்ளிக்கூடக் கட்டடங்களை மாலையிலும் விடுமுறை நாட்களிலும் பெரியவர்களின் கல்விக்குப் பயன்படுத்தலாம் என்றும் சொல்கிறது. இதன் தொடர்ச்சியாக 15 வயதுக்கு மேற்பட்டோருக்கான புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் 2022 முதல் நடைமுறைக்கு வந்தது.

இன்னொரு குறிப்பும் கவனிக்கத்தக்கது. உள்ளூர்க் கைவினைஞர்களையும் தொழில் வல்லுநர்களையும் பள்ளிகள் பயிற்றுநர்களாக அமர்த்திக்கொள்ளலாம் என்று இக்கொள்கை சொல்கிறது. அதாவது, பூட்டுத் தொழிலாளி சான்றிதழ் வாங்க வருபவராக மட்டுமின்றி, கற்றுக்கொடுப்பவராகவும் பள்ளிக்குள் வர முடியும்.

திறன் தகுதிக் கட்டமைப்பு 2013 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. ஒவ்வொரு வேலையிலும் எந்த அளவு அறிவும் திறனும் பொறுப்பும் தேவை என்பதை வைத்துப் படிகளாகப் பிரிப்பது அதன் வேலை. 2023இல் வந்த தேசியக் கிரெடிட் கட்டமைப்பு அதற்கு அடுத்த கட்டம். வகுப்பறைப் படிப்பு, தொழிற்பயிற்சி, வேலை அனுபவம் ஆகிய மூன்றையும் ஒரே அளவுகோலால் அளக்க அது முயல்கிறது. 30 மணி நேரக் கற்றலுக்கு ஒரு கிரெடிட், ஓராண்டுக்கு 1200 மணி நேரம், ஆக 40 கிரெடிட் என்பது அதன் கணக்கு. ஆனால் அனுபவம் இருந்தால் மட்டும் போதாது, மதிப்பீட்டில் தேற வேண்டும் என்பதையும் சேர்த்தே புரிந்துகொள்ள வேண்டும்.

தமிழ்நாடு அரசு இந்தத் தேசியக் கொள்கையை ஏற்கவில்லை என்பதும், 2025 ஆகஸ்டில் பள்ளிக் கல்விக்கெனத் தனி மாநிலக் கொள்கையை வெளியிட்டது என்பதும் நமக்குத் தெரியும். மும்மொழி முதலான அந்த விவாதங்கள் வேறு. திறன் சான்றிதழ், திறந்தநிலைப் பள்ளி, தனித்தேர்வு ஆகியவை நமது மாநிலத்தில் வாழ்பவர்களுக்கும் திறந்திருக்கும் வழிகள். அவற்றைப் பற்றியே இங்கே பேசுகிறோம்.

மூன்று கதவுகள்

நமது மக்கள் அதிகம் குழம்புவது இந்த இடத்தில்தான். 'சான்றிதழ் வாங்கியாச்சு' என்று சொல்கிறார்கள். எதற்கான சான்றிதழ் என்று கேட்டால் பதில் இருப்பதில்லை. அங்கீகாரத்துக்கு மூன்று தனித்தனிக் கதவுகள் உள்ளன. ஒன்றின் சாவி மற்றொன்றைத் திறக்காது.

முதல் கதவு, தொழில் திறன் சான்றிதழ். 2015 ஜூலை 15 அன்று தொடங்கிய பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் முன்கற்றல் அங்கீகாரமும் ஒரு பகுதியாக இருந்தது. நடைமுறை இப்படி அமைகிறது. தொழிலாளியின் அனுபவத்தைக் கேட்டு, எந்த வேலைக்கு அவரைச் சோதிப்பது என்று முடிவு செய்கிறார்கள். பிறகு சில மணி நேர அறிமுக வகுப்பு. பாதுகாப்பு, வேலையிடச் சுத்தம், தெரியாமல் விடுபட்ட சில விஷயங்கள் அதில் சொல்லப்படும். அதன் பின் மதிப்பீட்டாளர் வந்து செய்முறையையும் கேள்வி பதிலையும் பார்க்கிறார். தேறினால் சான்றிதழ். அரசுத் திட்டத்தின் கீழ் நடக்கும்போது தேர்வுக் கட்டணத்தைத் தொழிலாளி கட்ட வேண்டியதில்லை. ஒவ்வொரு துறைக்கும் ஒரு திறன் மன்றம் உண்டு. தோல் துறைக்கான மன்றத்தின் தலைமையகம் சென்னையிலேயே இருக்கிறது.

இந்தச் சான்றிதழ் 'இவருக்கு இந்த வேலை தெரியும்' என்று சொல்லும். பத்தாம் வகுப்புக்கு ஈடாகாது.

இரண்டாவது கதவு, பள்ளிப் படிப்புக்கு இணையான சான்றிதழ். தமிழ்நாட்டில் அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு இதற்குப் பழைய, நம்பகமான வழி. பன்னிரண்டரை வயது நிறைந்திருந்தால் போதும், பள்ளிக்கே போகாதவரும் நேரடியாக எழுதலாம். அதில் தேறியவர் பத்தாம் வகுப்புத் தனித்தேர்வுக்குச் செல்லலாம். மற்றொரு வழி, 1989இல் தொடங்கப்பட்ட தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம். மூன்று, ஐந்து, எட்டாம் வகுப்புகளுக்கு இணையாக அதில் 'ஏ', 'பி', 'சி' என மூன்று நிலைகள் உள்ளன. பத்து, பன்னிரண்டாம் வகுப்புகளும் உண்டு. மேல் வயது வரம்பு கிடையாது. ஒரே மூச்சில் எல்லாப் பாடங்களையும் எழுத வேண்டியதில்லை. ஐந்து ஆண்டுகளில் ஒன்பது வாய்ப்புகளுக்குள் ஒவ்வொன்றாக முடிக்கலாம். கடை வைத்திருப்பவருக்கும் பிள்ளை வளர்க்கும் தாய்க்கும் இது பெரிய வசதி. அரபு மொழியையும் ஒரு பாடமாக எடுக்கலாம் என்பதால் மதரஸாவில் ஓதியவர்களுக்குப் பாதிச் சுமை குறையும்.

மூன்றாவது கதவு, பட்டம். இங்கே மிகுந்த எச்சரிக்கை தேவை.

2009 தீர்ப்பு கற்றுக்கொடுத்த பாடம்

பள்ளிப் படிப்போ இளங்கலைப் பட்டமோ இல்லாமல், வயதையும் நுழைவுத் தேர்வையும் மட்டும் வைத்து நேரடியாக முதுகலைப் பட்டம் படிக்கலாம் என்ற முறை நமது மாநிலத்தில் ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. பெரியவர்களின் அனுபவத்துக்கு மதிப்புக் கொடுக்கும் நல்ல ஏற்பாடாகவே அது பலருக்குத் தெரிந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் திறந்தநிலை முறையில் அப்படிப் பெற்ற ஒரு முதுகலைப் பட்டம் பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. இளங்கலைப் பட்டம் இல்லாமல் பெறும் முதுகலை, பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகளுக்கு முரணானது என்று 2009இல் தீர்ப்பு வந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 18 அன்று தமிழ்நாடு அரசு வெளியிட்ட 107ஆம் எண் அரசாணை, பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் தேறிய பிறகு பெற்ற பட்டத்தையே அரசு வேலைக்கும் பதவி உயர்வுக்கும் ஏற்க முடியும் என்ற நிலையை உறுதிப்படுத்தியது.

இதில் அடிபட்டவர்கள் யார்? உழைத்த காசைக் கட்டி, இரவில் கண்விழித்துப் படித்து, தேர்வெழுதித் தேறியவர்கள். படித்தது உண்மை, தேறியதும் உண்மை. ஆனால் வரிசை தவறிய காரணத்தால் அந்தப் பட்டம் அரசு வேலைக்கு உதவவில்லை. ஆகவே 'நேரடியாக டிகிரி வாங்கலாம்' என்று எந்த நிறுவனம் விளம்பரம் செய்தாலும் இந்த வழக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பத்து, பிறகு பன்னிரண்டு, அதன் பின் பட்டம் என்ற வரிசையில் போவதே பாதுகாப்பு. நாற்பது வயதில் பத்தாம் வகுப்பு எழுதுவதில் வெட்கமில்லை. ஐம்பது வயதில் கையிலுள்ள பட்டம் செல்லாது என்று கேட்பதுதான் வேதனை.

ஆலிம்களும் ஹாஃபிழ்களும்

ஏழெட்டு ஆண்டுகள் அரபு இலக்கணமும் ஃபிக்ஹும் ஹதீஸும் ஓதிய ஓர் ஆலிம், அரசின் கணக்கில் பள்ளியை விட்டுப் போன வகுப்போடு நின்றுவிடுகிறார். இதுவும் முன்கற்றல் அங்கீகாரப் பிரச்சினைதான்.

இதற்கு நமது மாநிலத்தில் ஒரு முன்னோடி உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் அஃப்ஸலுல் உலமா தேர்வு அது. மதரஸாவில் ஓதியவர்கள் அதை எழுதித் தேறி, பள்ளிகளில் அரபு ஆசிரியர்களாகச் சேர்ந்தார்கள். மதரஸா கற்பித்தது, பல்கலைக்கழகம் சோதித்தது, பள்ளி ஏற்றுக்கொண்டது. அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகம் 2013 முதல் மதரஸா பட்டதாரிகளுக்கென இணைப்புப் படிப்பு ஒன்றை நடத்தியது. ஆங்கிலத்தையும் பொதுப் பாடங்களையும் கற்றுக்கொடுத்து அவர்களை வழக்கமான பட்டப் படிப்புக்குத் தயார்படுத்துவது அதன் நோக்கம்.

அதே சமயம், எல்லையையும் தெரிந்துகொள்ள வேண்டும். உத்தரப் பிரதேச மதரஸா சட்டம் குறித்த வழக்கில் 2024 நவம்பர் 5 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டம் செல்லும் என்றது. ஆனால் மதரஸா வாரியம் தரும் காமில், ஃபாழில் ஆகியவற்றை உயர்கல்விப் பட்டங்களாக ஏற்க முடியாது, பட்டம் வழங்கும் அதிகாரம் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின் கீழ் வருகிறது என்றும் கூறியது. ஆகவே மகனை மதரஸாவில் சேர்க்கும் குடும்பங்கள், ஓதும் காலத்திலேயே அவன் பத்தையும் பன்னிரண்டையும் தனியாக எழுத ஏற்பாடு உள்ளதா என்று நிர்வாகத்திடம் கேட்பது நல்லது. மதரஸா நிர்வாகங்களும் இதைத் தீனுக்கு இடையூறாக எண்ண வேண்டியதில்லை. இமாமாக இருப்பவருக்கு இன்னொரு தகுதி இருந்தால் அவருடைய கண்ணியம் கூடும், குறையாது.

அப்பாவின் தொழிலோடு கட்டிப்போடாமல்

முன்கற்றலை அங்கீகரிப்பதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. 'உனக்குத் தெரிந்த தொழிலுக்குச் சான்றிதழ் தருகிறோம்' என்பது மெல்ல மெல்ல 'உன் குடும்பத் தொழிலிலேயே இரு' என்று மாறிவிடக் கூடாது.

2023 செப்டம்பர் 17 அன்று மத்திய அரசு தொடங்கிய பி.எம். விஸ்வகர்மா திட்டத்தில் தச்சர், கொல்லர், பூட்டு செய்பவர், தையல்காரர், கொத்தனார் உட்பட 18 தொழில்கள் இடம்பெற்றன. அடையாள அட்டையும் சான்றிதழும் பயிற்சியும் கருவிகள் வாங்க 15,000 ரூபாயும் 5 சதவீத வட்டியில் கடனும் அதன் பலன்கள். ஆனால் குடும்பத் தொழில் என்ற அடிப்படை சாதியோடு சேர்ந்துவிடும் என்று சொல்லி, இப்போதுள்ள வடிவில் அதைச் செயல்படுத்த மாட்டோம் என்று தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் மத்திய அரசுக்குத் தெரிவித்தது. அதற்கு மாற்றாக 2025 ஏப்ரலில் கலைஞர் கைவினைத் திட்டம் தொடங்கப்பட்டது. 25 வகைத் தொழில்கள், குறைந்தது 35 வயது, 3 லட்சம் ரூபாய் வரை கடன், அதில் 25 சதவீத மானியமாக அதிகபட்சம் 50,000 ரூபாய் என்று அது அமைந்தது. மாவட்டத் தொழில் மையம் வழியாக விண்ணப்பிக்கலாம்.

35 வயது என்று வைத்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. பதினெட்டு வயதுப் பிள்ளை கல்லூரிக்குப் போகட்டும், ஏற்கெனவே அந்தத் தொழிலில் காலூன்றியவருக்கு உதவி போய்ச் சேரட்டும் என்பதே அந்த எண்ணம். தோல் ஷாப்பில் வேலை பார்த்தவருக்கு மரியாதை கிடைக்க வேண்டும். அவருடைய மகள் வேதியியல் படிக்க விரும்பினால் அதற்கும் வழி இருக்க வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல.

வெளிநாட்டுக்குப் போகிறவர்கள்

நமது குடும்பங்களில் வளைகுடாவுக்குப் போகாத வீடு குறைவு. சவூதி அரேபியா 2021இல் திறன் சரிபார்ப்புத் திட்டம் ஒன்றைத் தொடங்கி, பின்னர் இந்தியாவிலும் அதை நடைமுறைப்படுத்தியது. மின்பணி, குழாய்ப்பணி, வெல்டிங், ஏசி பராமரிப்பு, வாகன மின்பணி ஆகிய தொழில்கள் அதில் முதலில் சேர்க்கப்பட்டன. பட்டியலில் உள்ள வேலைக்குப் போகிறவர் விசாவுக்கு முன்பே தேர்வு எழுதிச் செய்து காட்டித் தேற வேண்டும். 'பத்து வருஷம் வேலை பார்த்திருக்கேன்' என்ற வாய்ச்சொல் இனி போதாது. ஏஜென்ட்டிடம் பணம் கட்டுவதற்கு முன், தனது தொழில் அந்தப் பட்டியலில் உள்ளதா என்று பார்த்துக்கொள்வது அவசியம். அங்கிருந்து திரும்பி வருகிறவர்களும், வேலை பார்த்த நிறுவனத்திடம் என்ன வேலை, எத்தனை ஆண்டு என்று குறிப்பிட்ட அனுபவக் கடிதம் வாங்காமல் விமானம் ஏறக் கூடாது. ஊருக்கு வந்த பிறகு அதை வாங்குவது மிகக் கடினம்.

பிற நாடுகளில்

நமக்கு அருகில் இலங்கையில் தேசிய தொழில் தகைமை என்ற ஏழு நிலைக் கட்டமைப்பு இருக்கிறது. பயிற்சி நிலையத்தில் படித்தவரும், பயிற்சியே பெறாமல் வேலையில் கற்றவரும் ஒரே சான்றிதழைப் பெறலாம். வேலையில் கற்றவர் தனது வேலைக்கான ஆதாரங்களைத் திரட்டிக் கொடுத்து, மதிப்பீட்டாளர் முன் செய்து காட்ட வேண்டும். பிரான்சில் 2002 ஜனவரியில் வந்த சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. அனுபவத்தை ஒரு குழு பரிசீலித்து, தகுதியிருந்தால் முழுப் பட்டயத்தையே தரலாம் என்றது. தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி கறுப்பின மக்களுக்குத் தரமான கல்வியை மறுத்திருந்தது. அந்த ஆட்சி முடிந்ததும் 1995இல் தகுதிகளுக்கான சட்டம் இயற்றப்பட்டு, முன்கற்றல் அங்கீகாரம் அநீதிக்கான பரிகாரங்களில் ஒன்றாகவே கருதப்பட்டது. படிக்க முடியாமல் போனது அந்த மக்களின் குற்றமில்லை என்பதை அரசே ஏற்றுக்கொண்டதற்கு ஒப்பானது அது.

இதை நாமும் சிந்திக்க வேண்டும். முஸ்லிம்களில் சுயதொழிலிலும் கைத்தொழிலிலும் இருப்பவர்கள் அதிகம் என்பதை 2006இல் வெளியான சச்சார் குழு அறிக்கையே எடுத்துக்காட்டியது. அப்படியானால், வேலையில் கற்ற கல்வி மதிக்கப்படாமல் போகும்போது அதிக இழப்பு நமக்குத்தான்.

குறைகளும் உண்டு

திறன் சான்றிதழ் வாங்கிவிட்டால் மறுநாளே கூலி உயரும் என்று யாரும் நம்ப வேண்டாம். முதலாளி அந்தத் தாளைப் பார்த்துக் கூலியை முடிவு செய்யாதவரை அது வீட்டுப் பீரோவில்தான் கிடக்கும். ஒரே நாளில் முகாம் போட்டு நூறு பேருக்குக் கொடுக்கப்படும் சான்றிதழுக்குச் சந்தையில் மதிப்பு குறைவாகவே இருக்கும். சோதனை கடினமாக இருப்பதே சான்றிதழுக்கு நல்லது.

திண்டுக்கல் பூட்டு 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. சிறுமலை மலைவாழைக்கும் அந்தக் குறியீடு உண்டு. பொருளுக்குப் பெயர் கிடைத்துவிட்டது. அதைச் செய்கிற கைக்கும், விளைவிக்கிற கைக்கும் அதே போன்ற மதிப்பு இன்னும் வந்து சேரவில்லை. அலிகரிலிருந்து இயந்திரப் பூட்டுகள் வந்து குவியும்போது, கையால் செய்பவரின் பிள்ளைகள் அந்தத் தொழிலுக்கு வர மறுக்கிறார்கள். பயிற்றுநர் என்ற பதவியும் நியாயமான ஊதியமும் கொடுத்து அந்தப் பெரியவர்களை அழைத்தால் மட்டுமே அவர்களின் அறிவு அடுத்த தலைமுறைக்குப் போகும். சிறுமலை அடிவாரத்தில் காந்திகிராம கிராமியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கிராமத் தொழிலையும் கல்வியையும் இணைப்பதற்காகவே 1956இல் தொடங்கப்பட்ட நிறுவனம் அது. நமது மாவட்டத்துப் பெரியவர்களின் கைத்திறனை மதிப்பிட்டுப் பதிவு செய்ய அதைவிடப் பொருத்தமான இடம் இங்கே வேறில்லை.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, பெயர். முஹம்மது, முகமது, முகம்மது என்று ஒரே ஆளின் பெயர் ஆதாரில் ஒருவிதமாக, குடும்ப அட்டையில் ஒருவிதமாக, பழைய பள்ளிச் சான்றில் ஒருவிதமாக இருக்கிறது. இனிஷியலும் மாறுகிறது. தேர்வுக்கு விண்ணப்பிக்கும் முன் இதைச் சரிசெய்யுங்கள். சான்றிதழில் பெயர் தவறாக அச்சான பிறகு அலைவதைவிட இது எளிது.

இரண்டாவது, ஆதாரம். வேலை பார்த்த இடத்தின் கடிதம், சம்பளச் சீட்டு, நலவாரிய அட்டை, செய்த பொருட்களின் புகைப்படம் ஆகியவற்றை ஒரு ஃபைலில் சேர்த்து வையுங்கள். வீட்டிலேயே தைத்துக் கொடுக்கும் சகோதரிகளுக்கு இது மிக முக்கியம். அவர்கள் பார்த்த வேலைக்கு எங்கும் பதிவில்லை. வாடிக்கையாளர் பெயரும் தேதியும் எழுதிய ஒரு நோட்டுப் புத்தகமும் புகைப்படங்களும் இருந்தால், மதிப்பீட்டுக்கு முன் தனது அனுபவத்தை எடுத்துச் சொல்ல அவை உதவும்.

மூன்றாவது, எந்தக் கதவு என்று முடிவு செய்யுங்கள். கடன் வேண்டுமா, வெளிநாட்டு வேலையா, அரசு வேலையா, மேற்படிப்பா என்று முதலில் தெளிவாகட்டும். அந்த வேலைக்கான அறிவிப்பிலோ கல்லூரியின் விதியிலோ எந்தச் சான்றிதழ் ஏற்கப்படும் என்று எழுத்தில் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

நான்காவது, ஜமாஅத்தின் பொறுப்பு. மஹல்லாவில் எட்டு, பத்து முடிக்காத பெரியவர்கள் யார் யார், யாருக்கு என்ன தொழில் தெரியும் என்று ஒரு பதிவேடு எழுதலாம். தனித்தேர்வுக்கு விண்ணப்பிக்கும் தேதிகளை ஜும்ஆவில் அறிவிக்கலாம். இஷாவுக்குப் பிறகு ஒரு மணி நேரம் மதரஸா அறையைப் பாடத்துக்குத் திறந்துவிடலாம். பெண்களுக்குப் பகலில் தனியே நடத்தலாம். படித்த இளைஞர்கள் கணக்கும் ஆங்கிலமும் சொல்லிக் கொடுத்தால் போதும். இதற்குப் பெரிய செலவில்லை.

ஐந்தாவது, வீட்டுக்குள் பேசும் பேச்சு. 'வாப்பாவுக்குப் படிப்பு கிடையாது' என்று பிள்ளைகள் சொல்லும்படி நாம் பழக்கியிருக்கிறோம். அவர் எதைக் கற்றார், யாரிடம் கற்றார், எத்தனை ஆண்டுகள் கற்றார் என்று பிள்ளைகள் கேட்டு எழுதட்டும். மதிப்பீட்டாளர் கேட்கப்போகும் முதல் கேள்வியும் அதுவாகவே இருக்கும்.

கற்ற கல்வி எந்த வழியில் வந்திருந்தாலும் அதைப் பயனுள்ளதாக ஆக்கி, நமது உழைப்பாளர்களின் வருமானத்திலும் கண்ணியத்திலும் வல்ல அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன்.